'அங்கிள் பைக்'னு சொல்லி முடிச்சுக்கறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பைக் பத்திரிகைல எழுதறவங்க, டிவில ஆட்டோ ப்ரோக்ராம் பண்றவங்க, தமிழ்ல ரிவ்யூ வீடியோ போடறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஹோண்டா யூனிகார்னை நீங்க யாரும் ஒழுங்கா ரிவ்யூ பண்ணதே இல்ல. திட்டி எழுதியிருந்தா கூட பரவால்ல, திட்டறதுக்காவது நாலு நாள் ஓட்டி பாத்திருக்கணும், ஆனா நீங்க பண்றது என்னன்னா 'ரிலையபிளான வண்டி, ஃபேமிலி ஆளுங்களுக்கு ஓகே, யூத்துக்கு செட் ஆகாது, அங்கிள் பைக்'னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டு அடுத்த பைக்குக்கு தாவிடறீங்க. 2004ல வந்த வண்டி இது. இருபது வருஷம் தாண்டிடுச்சு, இன்னும் மாசா மாசம் ஆயிரக்கணக்குல வித்துக்கிட்டு தான் இருக்கு. ஒரு வண்டி ஏன் இப்படி விக்குதுன்னு நோண்டி பாத்து சொல்றது தானே சார் உங்க வேலை?

'ஹோண்டாங்கற பேருக்காக வாங்கறாங்க'ன்னு ஒரு பதில் ரெடியா வெச்சிருப்பீங்க. சரி, ஹோண்டா பேரோட வந்து போன வண்டிங்க லிஸ்ட்டை பாருங்க. 2010ல டேஸ்லர், அப்போ யூனிகார்ன்ல இருந்த அதே 149 சிசி இன்ஜின், மேல ஸ்போர்ட்டியா ஒரு சட்டை, பின்னாடியும் டிஸ்க். 2013ல ட்ரிக்கர். 2015 கடைசில ஹார்னெட் 160ஆர். 2018ல எக்ஸ்-பிளேடு. லான்ச் ஆனப்போ ஒவ்வொண்ணுக்கும் பக்கம் பக்கமா எழுதினீங்க, ரோபோ மூஞ்சி ஹெட்லைட், மஸ்குலர் டேங்க், எக்ஸ் ஷேப் டெயில் லாம்ப்னு. இந்த நாலுல ஒண்ணு கூட இன்னைக்கு ஷோரூம்ல கிடையாது. யூனிகார்ன் இருக்கு.

இன்னொரு கதை இதை விட சூப்பர். 2014, 15 வாக்குல ஹோண்டாவே யூனிகார்ன் பழசாயிடுச்சுன்னு நினைச்சு யூனிகார்ன் 160னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, கோடு கோடா வெட்டின டிசைன், டிஜிட்டல் மீட்டர். பழைய 150 சிசி யூனிகார்னை நிறுத்தியும் பாத்தாங்க. என்ன ஆச்சு? ஆளுங்க ஷோரூம்ல போய் பழசு தான் வேணும்னு நின்னதுல 150ஐ திரும்ப கொண்டு வர வேண்டியதாயிடுச்சு. கடைசில 2020ல பாரத் ஸ்டேஜ் 6ங்கற புகை கட்டுப்பாட்டு விதி வந்தப்போ 160ஓட 162.7 சிசி இன்ஜினை எடுத்து பழைய 150 உருவத்துக்குள்ள வெச்சு 'யூனிகார்ன்'னு ஒரே பேர்ல வித்தாங்க. அதாவது புது பாடி போச்சு, பழைய பாடி ஜெயிச்சுது. ஒரு ரிவ்யூவர் உக்காந்து யோசிக்க வேண்டிய இடம் இது. ஆனா அந்த 2020 மாடலுக்கு வந்த ரிவ்யூல பாதிக்கு மேல ஒரே பாட்டு தான், 'இன்னும் அதே டிசைனா'. ஆமாங்க, அதே டிசைன் தான், கேட்டு வாங்கினாங்க, ஏன் கேட்டாங்கன்னு யாராவது விசாரிச்சீங்களா?

இப்போ உங்க டேபிளுக்கு வருவோம். கம்பேரிசன்னு ஒண்ணு போடுவீங்களே, நாலு பைக்கை வரிசையா நிறுத்தி, பச்சை கலர் டிக், சிவப்பு கலர் இன்ட்டு. அதுல யூனிகார்ன் எப்பவும் கடைசி. அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி 17.5 குதிரை சக்தி, பல்சர் என்எஸ்160 17.2, யூனிகார்ன் வெறும் 13. முடிஞ்சுது, தீர்ப்பு சொல்லிட்டீங்க. அந்த டேபிள்லயே கீழ ஒரு வரி இருக்கு, அதை யாரும் வாய்விட்டு படிக்கறதில்ல. டார்க், அதாவது இன்ஜினோட இழுவை. அப்பாச்சி 14.73 நியூட்டன் மீட்டர், என்எஸ் 14.6, இப்போ விக்கற யூனிகார்ன் 14.58. மூணும் ஏறக்குறைய ஒண்ணு தான்! வித்தியாசம் எங்க இருக்குன்னா அது எந்த ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு இன்ஜின் எத்தனை சுத்து சுத்துதுங்கற கணக்கு) கிடைக்குதுங்கறதுல. அப்பாச்சிக்கு 7500, என்எஸ்ஸுக்கு 7250, யூனிகார்னுக்கு 5250.

பவர்ங்கறது தனியா வானத்துல இருந்து வர்ற சமாச்சாரம் இல்லன்னு உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினா வர்றது தான் பவர், அதனால 9000க்கு மேல சுத்தற இன்ஜின் பேப்பர்ல 17ன்னு காட்டும், 7500ல மூச்சு முடியற இன்ஜின் 13ன்னு காட்டும். ஆனா 5250லயே யூனிகார்ன் பதினோரு குதிரை சக்திக்கு பக்கத்துல கொடுத்துடுது, கணக்கு போட்டு பாத்துக்கோங்க. தாம்பரத்துல இருந்து கிண்டிக்கு ஆபீஸ் நேரத்துல போற ஆளு 9000 ஆர்பிஎம்மை எந்த இடத்துல பாப்பான்? குரோம்பேட்டை சிக்னல்லயா? அவன் நாள் பூரா இருக்கறது மூவாயிரத்துல இருந்து ஐயாயிரத்துக்குள்ள. அங்க எந்த வண்டி கியரை குறைக்காம இழுக்குதோ அது தான் அவனுக்கு நல்ல வண்டி. நாலாவது கியர்ல முப்பத்தஞ்சுல போயிட்டிருக்கும்போது முன்னாடி பஸ் நகருது, லேசா த்ராட்டில் கொடுத்தா போதும், வண்டி உதறாம, செயின் அடிக்காம நைசா எடுத்துட்டு போகும். அந்த ஒரு விஷயத்துக்காகவே யூனிகார்ன் வாங்கினவங்க அதை விக்க மாட்டேங்கறாங்க. கியரை குறைச்சு முறுக்கினா அப்பாச்சி பறக்கும், அதுல சந்தேகமே இல்ல, அது வேற ஆளுக்கான வேற வண்டி, ஜாலியான வண்டி. ஆனா ஒரு வண்டி எதுக்காக ட்யூன் பண்ணப்பட்டிருக்கோ அதை விட்டுட்டு வேற எதையோ வெச்சு மார்க் போட்டா, மீன் மரம் ஏறலன்னு ஃபெயில் பண்ண கதையா போயிடும்.

இந்த மார்க் போடற இடம் எப்படிப்பட்டதுன்னும் பேசணும். புது பைக் லான்ச்சுன்னா கம்பெனியே டிக்கெட் போட்டு, ஹோட்டல் போட்டு கூட்டிட்டு போறது வழக்கம். சில சமயம் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், சில சமயம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வே, இல்லன்னா புனே பக்கம் ஒரு மலை ரோடு. அரை நாள். ஒரு ஆளுக்கு சில ரவுண்டு. வண்டி எல்லாம் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயர்ல காத்து கரெக்ட்டா வெச்சு நிக்கும். ஓட்டறவர் தனியாள், முழு ரைடிங் கியர், பின்னாடி யாரும் இல்ல, டேங்க் மேல காய்கறி பை இல்ல, லெக் கார்டுக்குள்ள கேஸ் அடுப்பு ட்யூப் இல்ல (சிரிக்காதீங்க, எங்க ஊர்ல அதுவும் போகும்). அப்படி ஓட்டிட்டு வந்து 'கார்னரிங் கான்ஃபிடன்ஸ் கம்மி'ன்னு எழுதறீங்க. நூறு கிலோ எடையை பின்னாடி வெச்சுக்கிட்டு வேளச்சேரி பள்ளத்துல மழை தண்ணி நிக்கும்போது ஓட்டற கான்ஃபிடன்ஸை யார் எழுதுவாங்க?

பின்னாடி உக்கார்றவங்களை பத்தி ரிவ்யூல ஒரு வரி கூட வர்றதில்ல, இது எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம். நம்ம ஊர்ல ஒரு 160 சிசி வண்டி ஓடற நேரத்துல பெரும்பகுதி அதுல ரெண்டு பேர் இருப்பாங்க, மூணு பேரும் இருப்பாங்க, அது தப்பு தான், ஆனா இருப்பாங்க. யூனிகார்ன் சீட்டை கவனிச்சிருக்கீங்களா? ஒரே நீட்டு சீட்டு, படி கிடையாது, பின்னாடி ஆளு மலை மேல உக்காந்த மாதிரி தொங்க வேண்டியதில்ல. புடவை கட்டினவங்க ஒரு பக்கமா உக்காந்தா கால் வைக்க இடது பக்கம் தகடு இருக்கு, சாரி கார்டு இருக்கு, பிடிச்சுக்க கெட்டியான கம்பி இருக்கு. எங்கம்மாவுக்கு முட்டி வலி, இன்னைக்கு வர்ற ஸ்ப்ளிட் சீட் பைக்குல ஏறவே முடியாது, யூனிகார்ன்ல அவங்களா ஏறி உக்காந்து பையை மடில வெச்சுக்கிட்டு 'போலாம்டா'ன்னு சொல்லிடுவாங்க. வீடியோல நீங்க அந்த சாரி கார்டை காட்டி சிரிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. அது அழகா இல்ல தான். பின் சக்கரத்துல புடவை சிக்கினா என்ன ஆகும்னு பாத்தவங்க யாரும் அதை வெச்சு காமெடி பண்ண மாட்டாங்க.

அதே மாதிரி செயின் கவர். யூனிகார்ன்ல செயினை முழுசா மூடி தகரப் பெட்டி மாதிரி ஒரு கவர் வரும். உங்க பாஷைல 'ஓல்டு ஸ்கூல்'. சரி, அந்த ஓல்டு ஸ்கூல் என்ன பண்ணுதுன்னா, மழைக்காலத்துல சேறு தெறிச்சு செயின்ல ஒட்டாது, எண்ணெய் பேன்ட்ல அடிக்காது, செயின் லூஸ் ஆகறதும் ஸ்ப்ராக்கெட் பல்லு தேயறதும் தள்ளி போகும். செயின் வெளில தெரியற வண்டியை வெச்சிருக்கற என் மச்சான் ஐப்பசி கார்த்திகைல வாரா வாரம் டூத் பிரஷ்ஷும் டீசலும் வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பான். நான் காபி குடிச்சுக்கிட்டு அவனை பாத்துக்கிட்டிருப்பேன். இந்த ஒரு தகரம் அஞ்சு வருஷத்துல எவ்வளவு காசையும் நேரத்தையும் மிச்சம் பண்ணுதுங்கறதை லான்ச் அன்னைக்கு அரை நாள் ஓட்டறவர் எப்படி கண்டுபிடிப்பார்? முடியாது. அது தான் என் பிரச்சனையே. ஒரு மணி நேரத்துல உடம்புக்கு தெரியற விஷயத்தை மட்டும் நீங்க அளக்கறீங்க, இந்த வண்டியோட நல்லது எல்லாம் வருஷக்கணக்குல தெரியறது.

மோனோஷாக்கை, அதாவது பின்னாடி நடுவுல வர்ற ஒத்தை ஷாக் அப்சார்பரை பத்தி ஒண்ணு. 2004ல நம்ம ஊர் 150ங்கள்ல பின்னாடி ரெண்டு பக்கமும் ரெண்டு ஷாக் அப்சார்பர் தான் வழக்கம், அந்த நேரத்துல ஃபேமிலி பைக்கா விக்கற ஒண்ணுல மோனோஷாக் வெச்சு கொண்டு வந்தது யூனிகார்ன். இன்னைக்கு எல்லாத்துலயும் இருக்கறதால அது பெருசா தெரியல, அதை நான் ஒத்துக்கறேன். ஆனா சக்கரம் ரெண்டும் இன்னும் 18 இஞ்ச். பக்கத்துல இருக்கறதெல்லாம் 17க்கு போயாச்சு. நம்ம பஞ்சாயத்து ரோடு பள்ளத்துல பெரிய சக்கரம் எவ்வளவு உதவும்னு ராத்திரி கரண்ட் இல்லாத ஊருக்குள்ள ஓட்டினா தெரியும்.

குறையே இல்லாத வண்டின்னு சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. கேளுங்க, நானே சொல்றேன், நீங்க ஓட்டியிருந்தா சொல்லியிருக்க வேண்டியதை. முன் டயர் 80/100, ஒல்லி குச்சி, ஈர ரோட்ல மனசுல ஒரு பயம் இருந்துக்கிட்டே இருக்கும். பின்னாடி இன்னும் ட்ரம் பிரேக், பிரேக் அடிச்சா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும், ஒரு லட்சத்துக்கு மேல வாங்கற வண்டில அது நியாயமே இல்ல. கியர் அஞ்சு தான், பைபாஸ்ல எண்பது வரைக்கும் சொகுசா போகும், தொண்ணூறு தாண்டினா இன்ஜின் 'எதுக்குப்பா'ன்னு கேக்கற மாதிரி சத்தம் போடும், ராத்திரியோட ராத்திரியா சென்னைல இருந்து மதுரைக்கு விரட்டிட்டு போற ஆளுக்கு நான் இதை சொல்லவே மாட்டேன். 2024 டிசம்பர் அப்டேட் வரைக்கும் முள்ளு மீட்டரும் மஞ்சள் வெளிச்சம் ஹெட்லைட்டும் தான், அது இருபது வருஷ சோம்பேறித்தனம், அதுல கம்பெனியை நீங்க இன்னும் நல்லாவே வெளுத்து வாங்கியிருக்கலாம். அந்த அப்டேட்ல எல்இடி, டிஜிட்டல் மீட்டர், கியர் பொசிஷன், யுஎஸ்பி-சி எல்லாம் போட்டு டெல்லி எக்ஸ் ஷோரூம் 1,19,481ன்னு விலையை ஏத்தினாங்க, அப்புறம் 2025 செப்டம்பர்ல 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆனதுல கொஞ்சம் இறங்குச்சு.

இதே இன்ஜின் குடும்பத்துல 2023ல ஹோண்டாவோட எஸ்பி160 வந்துச்சே, பின்னாடி 130 டயர், டிஸ்க் ஆப்ஷன் எல்லாம் இருக்கே, அப்புறம் எதுக்கு யூனிகார்ன்னு ஒரு கேள்வி உங்க பக்கத்துல இருந்து வரும். நல்ல கேள்வி. ரெண்டையும் ஒரு மாசம் வெச்சு, அதே வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு, அதே ரோட்ல ஓட்டி நீங்களே அதுக்கு பதில் சொல்லுங்களேன்? நான் கேக்கறதே அதை தான்! எஸ்பி160 தான் பெட்டர்னு நீங்க முடிவு சொன்னாலும் எனக்கு சம்மதம், ஓட்டிட்டு சொல்லுங்க.

'யூனிகார்ன் வீடியோ போட்டா யாரும் பாக்க மாட்டாங்க பாஸ்'னு என் ஃப்ரெண்டு ஒருத்தன், அவனும் இந்த லைன்ல இருக்கறவன் தான், டீ கடைல சொன்னான். வாங்கற அன்னைக்கு முன்னாடி நாள் ராத்திரி குடும்பமே உக்காந்து போன்ல தேடற வண்டி இது, தேடினா கிடைக்கறது என்ன, ஷோரூம் வாசல்ல நின்னு சுத்தி சுத்தி காட்டி ஆன்ரோடு விலை சொல்ற வீடியோ. அதை பாத்துட்டு ஒருத்தர் மூணு வருஷ ஈஎம்ஐல கையெழுத்து போடறார். மூணு லட்ச ரூபா பைக்கை வாங்கற பையன் டெஸ்ட் ரைடு நாலு ஓட்டிட்டு தான் முடிவு பண்ணுவான், அவனுக்கு உங்க உதவி கம்மியா தான் தேவை. வீட்ல இருக்கற ஒரே வண்டியா இதை வாங்கறவருக்கு தான் உங்க ரிவ்யூ நிஜமா தேவை, அவருக்கு தான் நீங்க ரெண்டு நிமிஷம் கொடுக்கறீங்க.

ஒரு யோசனை சொல்றேன். அடுத்த தடவை லான்ச் வண்டியை விட்டுட்டு ஈரோடுலயோ திருச்சிலயோ பழைய வண்டி வாங்கி விக்கற ஏதாவது ஒரு ஆட்டோ கன்சல்டிங்குக்கு போங்க. வாசல்ல வரிசையா நிக்கற வண்டில பத்து வருஷ யூனிகார்ன் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். இல்லன்னா கடைக்காரர் 'காலைல தான் சார் போச்சு'ம்பார். அதை ஸ்டார்ட் பண்ணி அந்த சத்தத்தை ரெக்கார்ட் பண்ணுங்க, அதே வருஷத்து மத்த வண்டி சத்தத்தையும் ரெக்கார்ட் பண்ணுங்க, விலை ரெண்டுக்கும் என்னன்னு கேளுங்க. அப்புறம் ஒரு மெடிக்கல் ரெப்பை பிடிங்க. அந்த ஆளு அளவுக்கு ஊர் ஊரா, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா, சட்டையை டக் இன் பண்ணிக்கிட்டு பையோட சுத்தறவர் யாரும் இல்ல. பெட்ரோல் காசு கம்பெனி கிலோமீட்டர் கணக்குல தர்றதால மைலேஜை பைசா சுத்தமா சொல்வார், எனக்கு டவுனுக்குள்ள ஐம்பதுக்கு பக்கத்துல வருது, அவர் இன்னும் கரெக்ட்டா சொல்வார். கடைசியா ரோட்டோரத்துல ஷெட் போட்டிருக்கற ஒரு மெக்கானிக், கம்பெனி சர்வீஸ்ல இருக்கறவர் வேண்டாம். இந்த இன்ஜினை அவர் எத்தனை தடவை முழுசா பிரிச்சிருக்கார், எதுக்காக பிரிச்சார், ஸ்பேர் எவ்வளவு, எத்தனை நாள்ல கிடைக்குதுன்னு கேட்டு அதை அப்படியே போடுங்க. அவர் 'இந்த வண்டியால எனக்கு வருமானமே இல்லைங்க'ன்னு சொன்னா எடிட்ல வெட்டிடாதீங்க.

இன்னும் ரெண்டே ரெண்டு. டிக்கெட்டும் ஹோட்டலும் கம்பெனி கொடுத்துதுன்னா வீடியோ ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல, கேக்கறவன் அதுக்கேத்த மாதிரி கேட்டுக்குவான். அப்புறம் 'யூத்'ங்கற வார்த்தையை கொஞ்ச நாளைக்கு ஓரமா வைங்க. காலேஜ் முடிச்சு முதல் வேலைல சேர்ந்து, அப்பாவை டயாலிசிஸுக்கு வாரம் ரெண்டு தடவை கூட்டிட்டு போற இருபத்திரெண்டு வயசு பையனும் யூத்து தான், அவன் எந்த வண்டி வாங்கணும்னு உங்க லிஸ்ட்ல தேடி பாத்தா அவனுக்குன்னு ஒண்ணுமே இல்ல.

இப்படிக்கு,
மேல சொன்ன குறை எல்லாம் தெரிஞ்சும் அடுத்ததும் யூனிகார்னே வாங்கப் போற ஒருத்தன்

பி.கு: புது மாடலோட எல்இடி ஹெட்லைட்டை பட்டப்பகல்ல ஜூம் பண்ணி 'பிரீமியம் லுக்'னு காட்டினீங்களே, அதை ஒரு தடவை ராத்திரி மழைல, எதிர்ல லாரி ஹை பீம் போட்டுக்கிட்டு வர்ற ரோட்ல ஓட்டி, ரோடு தெரியுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு அது தெரியணும்.